மச்சம் இல்லாத மாவு

கிள்ளான் பாசாரில் மீன் வெட்டும் பக்கிரிசாமிக்கு வாசுவின் மேல் ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். "எல்லாரும் செதிலச் சீவிட்டு மீனக் குடுங்கன்னு கேப்பாங்க. இந்தத் தம்பி மீன நீங்களே வச்சிக்குங்க, செதிலக் குடுங்கங்குது. ரொம்பப் படிச்சா இப்படித்தான் போலிருக்கு லா" என்று அடுத்த கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, ஒரு பிளாஸ்டிக் பை நிறையச் செதிலை இலவசமாகக் கொடுப்பார். வாசு அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு கோலாலம்பூர் பஸ்ஸில் ஏறுவான். பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகவே இருக்கும். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டில் அந்த வழித்தடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து போன ஒரே மாணவன் அவன்தான்.

செதிலைக் கொண்டுபோய் அவன் செய்தது ஒன்றும் மாயமில்லை. அமிலத்தில் ஊறவைத்து, அலசி, வேகவைத்தால் பசை மாதிரி ஒன்று இறங்கும். கொலாஜன் என்பார்கள். அதில் பப்பாளிப் பாலிலிருந்து எடுத்த சத்தைப் போட்டால் அந்தப் பசை நறுக்கு நறுக்காக வெட்டுப்படும். அந்த நறுக்குகளுக்குப் பெப்டைட் என்று பெயர். காயவைத்தால் வெள்ளை மாவு. இந்த மாவைத் தினமும் கரைத்துக் குடித்தால் இரத்தம் நாளத்துக்குள் கட்டிப்போவது குறையுமா என்பதுதான் வாசுவின் மாஸ்டர்ஸ் படிப்பு. குறையும் என்று அவன் நம்பினான். நம்பாமல் அந்தப் பையோடு பஸ்ஸில் உட்கார யாராலும் முடியாது.

அவனுடைய பேராசிரியை டாக்டர் மார்க்கிரட் நம்புவதற்குச் சம்பளம் வாங்குகிறவர் அல்லர். "உன் நம்பிக்கையை வீட்டில் வைத்துவிட்டு வா" என்று சொல்லி, குடிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு மீன் மாவும் மறுபாதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே வெனிலா வாசனையில் வேறொரு சாதுவான மாவும் போகும்படி ஏற்பாடு செய்தார். யாருக்கு எது என்பது அவருக்கு மட்டுமே தெரியும். குடிப்பவருக்கும் தெரியாது, கொடுக்கிற வாசுவுக்கும் தெரியாது. யாராவது இடையில் தெரிந்துகொண்டால் அவருடைய இரத்தம் கணக்கில் சேராது.

கல்லூரி விடுதியில் ஆள் பிடிப்பது சுலபமாக இருந்தது. பிடித்த ஆளைக் குடிக்க வைப்பதுதான் நடக்கவில்லை. ஒருவன் சிங்கில் கொட்டினான். ஒருவன் முகத்துக்குப் பவுடராகப் பூசிக்கொண்டு நாடக ஒத்திகைக்குப் போனான். மூன்றாவது ஆள் ஜெயராஜ், மாவைக் கரைத்து ஜன்னலோரம் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். திரும்பி வந்தபோது விடுதிப் பூனை டம்ளருக்குள் தலையை விட்டு அடிமட்டம் வரை நக்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து தினமும் அதே நேரத்துக்கு வந்து உட்கார்ந்தது. ஜெயராஜுக்குக் கிடைத்தது எந்த மாவு என்பது பூனைக்குத் தெரிந்துவிட்டது, பூனை மூலமாக விடுதிக்கே தெரிந்துவிட்டது. அவனைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். பூனையைச் சேர்க்க விதியில் இடமில்லை.

டாக்டர் மார்க்கிரட் வாசுவைக் கூப்பிட்டு, மிச்சமிருக்கும் ஆட்களில் இன்னும் ஒருவர் கழன்றாலும் இந்த வருடம் பட்டம் இல்லை, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான் என்றார். அவர் குரலை உயர்த்தவில்லை. வாசு வெளியே வந்து மிச்ச ஆட்களை விரல்விட்டு எண்ணினான்.

அந்த மிச்ச ஆட்களில் சொன்ன சொல் தவறாமல் குடித்தவர் என்று தலையிலடித்துச் சத்தியம் செய்யக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருந்த சிவசம்பு.

சிவசம்பு யாழ்ப்பாணத்துக் குடும்பம். போர்ட் கிள்ளானில் மெரின் டிபார்ட்மெண்டில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருடத்துக்கு முன் கெண்டைக்காலில் இரத்தம் கட்டி, கால் பூசணிக்காய் மாதிரி வீங்கி, ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தவர். டாக்டர் மாத்திரைகளை எல்லாம் முடித்துவிட்டு, இனி நடந்தால் போதும் என்று அனுப்பிவைத்தார். மாத்திரை என்றால் சிவசம்பு எத்தனை வேண்டுமானாலும் விழுங்கியிருப்பார். நடப்பது என்பது அவருடைய குடும்பத்தில் யாரும் செய்யாத காரியம். ஆகவே சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடி காலைப் பார்த்துப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தார். அப்போதுதான் கிளினிக்கில் வாசு ஒட்டிய அறிவிப்பு அவர் கண்ணில் பட்டது. ஆங்கிலத்தில் 'மெரின் கொலாஜன்' என்று இருந்தது. உலகத்தில் மற்றவர்களுக்கு மெரின் என்றால் கடல். சிவசம்புவுக்கு டிபார்ட்மெண்ட். தன் டிபார்ட்மெண்ட் இப்படி ஒரு நல்ல காரியத்தில் இறங்கியிருக்கிறதே என்று பெருமையோடு போன் போட்டார்.

ஆனாலும் தலைமைக் கிளார்க் ஒருவர் தீர விசாரிக்காமல் எதையும் வாங்குவதில்லை. முதல் நாள் வாசு மாவு டின்னைக் கொண்டுபோனபோது, சிவசம்பு மூடியைத் திறந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, இதில மச்சம் ஏதும் இருக்கோ?"

வாசு கிள்ளானில் பிறந்தவன். பாட்டன் பூட்டன் காலத்தில் ரயில் பாதை போட வந்த தஞ்சாவூர்க் குடும்பம். மச்சம் என்றால் அவனுக்குத் தெரிந்தது தோலில் இருக்கும் கறுப்புப் புள்ளி. தன் அத்தைக்கு மூக்கில் ஒன்று இருக்கிறது. மாவில் தூசு தும்பு, கறுப்புப் புள்ளி ஏதாவது கிடக்கிறதா என்றுதான் பெரியவர் கேட்கிறார், எவ்வளவு சுத்தமானவர் என்று வியந்துபோனான். அவனே டின்னை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். மூன்று தடவை சலித்த மாவு.

"ஒரு மச்சம்கூட இல்ல அங்கிள். சுத்த வெள்ளை. நானே சலிச்சேன்."

"வடிவாப் பாத்தனீரோ?"

"சத்தியமா அங்கிள்."

உள்ளே நின்ற அவர் மனைவி குணபூசணிக்கும் அது கேட்டது. அவர் வந்து வாசுவுக்கு ஒரு கப் கோப்பி கொடுத்தார். மரக்கறிக் குடும்பத்துக்கு மருந்து கொண்டுவருகிற பையன் எவ்வளவு பொறுப்பாகச் சலிக்கிறான் என்று அவருக்குச் சந்தோஷம்.

அப்புறம் வந்த வாரங்கள் சிவசம்புவின் பொற்காலமாகப் போயின. காலையில் குளித்து, திருநீறு பூசி, தேவாரம் பாடி முடித்ததும் மாவைக் கரைத்து, சூரியனுக்குக் காட்டாத குறையாகக் குடித்தார். வாரம் தவறாமல் வாசு இரத்தம் எடுக்க வருவான். இரத்தத்தை ஒரு குழாயில் வைத்து, அதிலுள்ள சின்னச் சின்ன அணுக்கள் எவ்வளவு சீக்கிரம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன என்று பல்கலைக்கழகத்தில் பார்ப்பார்கள். சிவசம்பு கையை நீட்டியபடியே கால் எவ்வளவு லேசாகிவிட்டது என்று கதை சொல்லுவார். தெரு முனைவரை போய்ப் பேப்பர் வாங்கியதை இமயமலை ஏறிய கணக்கில் சொல்லுவார். வாசுவும் மனதுக்குள் ஒரு மாலை கட்டி மீன் செதிலுக்குப் போட்டுக்கொண்டான்.

கந்த சஷ்டிக்கு ஒரு வாரம் இருக்கையில் விஷயம் உடைந்தது. அன்று பஸ்ஸில் பை ஓட்டையாகி, செதில் தண்ணீர் வாசுவின் கால்சட்டையில் இறங்கியிருந்தது. மாற்றிக்கொள்ள நேரமில்லாமல் அப்படியே பிரிக்பீல்ட்ஸுக்கு வந்துவிட்டான். குணபூசணி மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, கோபமில்லாமல்தான் கேட்டார், ஏன் தம்பி நீ வரும்போதெல்லாம் இந்த வீட்டுக்குள் ஒரு நாற்றம் வருகிறது என்று.

"சாரி ஆன்டி. மீன் செதில். அங்கிள் குடிக்கிற மாவு அதுலதான செய்றோம்" என்றான் வாசு.

சிவசம்பு கண்ணாடியைக் கழற்றினார்.

"மச்சம் இல்லையெண்டு சத்தியம் பண்ணினீரே" என்றார் சிவசம்பு. குரல் எங்கோ நாபியிலிருந்து வந்தது.

"இல்லையே அங்கிள்! ஒரு புள்ளி இருந்தா காட்டுங்க."

"புள்ளியோ?"

யாழ்ப்பாணத்தில் மச்சம் என்றால் மீன், மரக்கறி அல்லாத சாப்பாடு முழுவதுமே மச்சம் என்ற செய்தி வாசுவுக்கு அந்த ஹாலில், ஈரக் கால்சட்டையோடு, இருபத்து நாலாவது வயதில் வந்து சேர்ந்தது. ஒரே தமிழைப் பேசிக்கொண்டு ஒரே தெருவில் இரண்டு கூட்டம் வாழ்ந்தால் இப்படியெல்லாம் நடக்கத்தான் செய்யும். ஆனால் அந்தத் தத்துவத்தைச் சொல்ல அது நேரமில்லை. குணபூசணி சிவசம்புவின் டம்ளரை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போய்ப் பின்வாசலுக்கு வெளியே வைத்தார். அடுத்ததாகச் சிவசம்புவையும் ஒரு பார்வை பார்த்தார். டம்ளரைப் போல அவர் லேசாக இல்லை என்பதால் தப்பினார்.

வாசு தன்னால் முடிந்த அளவு வாதாடினான். பாதிப் பேருக்கு மீன் மாவே இல்லை, அங்கிள் குடித்தது எதுவோ யாருக்குத் தெரியும் என்றான். செதில் என்பது நகம் மாதிரிதான் ஆன்டி என்றான். நகத்தை யாராவது கரைத்துக் குடிப்பார்களா என்று பதில் வந்தது. பட்டுச் சேலைக்காகப் புழுவைக் கொதிநீரில் போடவில்லையா என்று கேட்டான்.

"பட்டை நான் உடுக்கிறன் தம்பி. தின்னிறேல்ல."

அதற்குமேல் வாதாட உயிர்வேதியியலில் ஒன்றும் இல்லை.

சிவசம்பு குறுக்கிட்டார். "என்ன மீன்?"

"திலாப்பியா அங்கிள்."

"குளத்து மீனோ?"

"குளத்துல வளக்கிறதுதான்."

சிவசம்பு கண்ணை மூடிக்கொண்டார். "நாப்பது வருச விரதம். போறதுதான் போகுது, கடல் மீனா, ஒரு விளைமீன், ஒரு அறுக்குளா எண்டாலும் மனம் ஆறும்."

"உங்களுக்கு உதுகள் எல்லாம் எப்பிடித் தெரியும்?" என்றார் குணபூசணி.

"போர்ட்டில வேலை செய்தனான். காதால கேட்டது."

வாசு பல்கலைக்கழகத்துக்கு ஓடினான். டாக்டர் மார்க்கிரட்டும் யாழ்ப்பாணத்து வழிதான், மெதடிஸ்ட் சபை. மச்சக் கதையைக் கேட்டதும் முதலில் மேசையில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கினார். நிமிர்ந்தபோது மறுபடி பேராசிரியையாக இருந்தார். மீன் என்று தெரிவித்துத்தான் அவரைச் சேர்த்தாயா என்று அதட்டினார். அறிவிப்பில் மெரின் என்று போட்டிருந்ததே என்றான் வாசு. அந்த மனிதர் விலக நினைத்தால் இந்த நிமிடமே விலகலாம், தடுக்க நமக்கு உரிமையில்லை, அதை அவரிடம் தெளிவாகப் போய்ச் சொல் என்றார். ஆனால் எந்த மாவு குடித்தார் என்று இப்போது கேட்டால் சொல்லுவேன், சொன்னபின் அவர் இரத்தம் உனக்கு உதவாது. விலகினாலும் உதவாது. இரண்டில் எது நடந்தாலும் பட்டத்தை அடுத்த வருடம்தான் பார்க்கலாம் என்றார்.

சோதனை முடிய இன்னும் இரண்டு வாரம் இருந்தது. கடைசி வாரம் சரியாகக் கந்த சஷ்டியின் ஆறு நாள். சிவசம்பு வருடா வருடம் முதல் ஆளாகக் கோவிலில் காப்புக் கட்டி, ஆறு நாளும் பாலும் பழமுமாக இருந்து, சூரன் விழுந்தபிறகுதான் சோற்றில் கைவைப்பவர். மாவு மருந்துதானே, விரதத்தோடு சேர்த்துக் குடிக்கலாம் என்று முன்பு ஒப்புக்கொண்டதுகூட அவர்தான். இப்போது மீனைக் குடித்துக்கொண்டு கையில் காப்பா? மாவை விட்டால் வாசுவின் பட்டம் போகும். மாவைத் தொடர்ந்தால் சஷ்டி போகும்.

வாசு மறுபடி பிரிக்பீல்ட்ஸுக்குப் போய், இந்தத் தடவை சலவை செய்த கால்சட்டையோடு, டாக்டர் மார்க்கிரட் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். வெளிமதில் மேல் பக்கத்து வீட்டுப் பூனை ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது. டின்னைத் திறந்து அதன் முன்னால் வைத்தால் ஒரு நிமிடத்தில் உண்மை வெளியாகிவிடும். விடுதிப் பூனைக் கதையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வாசு சொன்னான். அவன் நல்லவன்தான். ஆனால் அவ்வளவு நல்லவன் இல்லை.

சிவசம்பு சாய்வு நாற்காலியை விட்டு எழுந்து ஹாலின் குறுக்கே நடந்தார். அவர் தானாக நடப்பதை வாசு அன்றுதான் முதலில் பார்த்தான்.

"எந்த மா எண்டு தெரியாமல் காப்புக் கட்டினால் அது முருகனுக்குச் சொல்லுற பொய்" என்றார். "தெரிஞ்சுகொண்டு கட்டினால் இந்தப் பெடியன்ர படிப்புக் கெட்டுப் போகும். தொடங்கின ஃபைலைப் பாதியில விட்டிட்டு நான் ஒருநாளும் வீட்ட வந்ததில்லை."

"அப்ப?" என்றார் குணபூசணி.

"முருகன் அடுத்த வருசமும் இருப்பார். இவன்ர யூனிவர்சிட்டி இவனை அடுத்த வருசமும் வச்சிருக்குமோ தெரியாது."

வாசு நன்றி சொல்லப் போனான். அதற்குள் சிவசம்பு, நன்றியெல்லாம் வேண்டாம், இனிமேல் யாரிடமாவது ஒரு சொல்லுக்குப் பதில் சொல்லுமுன் அந்த ஆளுடைய ஊர் எது என்று கேள் என்றுவிட்டார்.

சஷ்டி வந்தது. சிவசம்பு காப்புக் கட்டாத செய்தி பிரிக்பீல்ட்ஸ் முழுவதும் பரவியது. கோவிலில் கேட்டவர்களிடம், டாக்டர் வேண்டாமென்று சொல்லிவிட்டார் என்றார். எந்த டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் விளக்கவில்லை. மனைவி வீட்டில் பூசை அறைப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டதாலும், கோவிலுக்குள் போக அவருக்கே மனம் வராததாலும், ஆறு நாளும் கோவில் மதிலுக்கு வெளியே சுற்றிச் சுற்றி நடந்தார். உள்ளே மற்றவர்கள் பாட, வெளியே இவர் கூடவே முணுமுணுத்தபடி போவார். காலையில் மட்டும் பின்வாசலில் நின்று, முருகன் படம் இல்லாத திசையைப் பார்த்து, மாவைக் குடித்தார். ஒரு நாள்கூடத் தவறவில்லை. வாசு கடைசி இரத்தத்தை எடுத்தபோது அவர் கை சில்லென்று இருந்தது. முகத்தில் ஒரு சுற்று வாட்டம்.

எல்லாருடைய குழாயும் பார்த்து முடிந்தபின், டாக்டர் மார்க்கிரட் யாருக்கு எது என்று சொன்னார். மீன் மாவு குடித்தவர்களின் இரத்த அணுக்கள் கொஞ்சம் தாமதமாகத்தான் ஒட்டிக்கொண்டன. அந்தக் கொஞ்சம் எவ்வளவு கொஞ்சம் என்றால், அது உண்மையா தற்செயலா என்று அடித்துச் சொல்ல முடியாத அளவுக்குக் கொஞ்சம். மேலும் ஆராய வேண்டும் என்று வாசு எழுதினான். அந்த வாக்கியம் இல்லாமல் உலகத்தில் எந்த ஆராய்ச்சியும் முடிந்ததில்லை. ஆட்கள் குறையாததால் டாக்டர் மார்க்கிரட் கையெழுத்துப் போட்டார். பட்டம் உறுதியானது.

சிவசம்பு பெயருக்கு நேரே இருந்த மாவு எது என்று பார்த்ததும் வாசு மதியச் சாப்பாட்டைக்கூட மறந்து பிரிக்பீல்ட்ஸுக்கு ஓடினான். நல்ல செய்தி கொண்டுபோகும் சந்தோஷம் அவனுக்கு வாழ்க்கையில் அதிகம் வாய்த்ததில்லை.

"அங்கிள், நீங்க மீனே குடிக்கல. உங்களுக்கு வந்தது மத்த மாவு. ஒரு சொட்டு மீன்கூட உள்ள போகல."

குணபூசணி கைகூப்பி, முருகா என்று சொல்லி, சுவரோடு சாய்ந்துகொண்டார். சிவசம்புவின் முகம் ஒரு நிமிடம் தைப்பொங்கல் மாதிரி இருந்தது. பிறகு தலைமைக் கிளார்க் விழித்துக்கொண்டார்.

"அப்ப நான் இவ்வளவு நாளும் குடிச்சது என்ன?"

"ஒண்ணும் செய்யாத மாவு அங்கிள். மரவள்ளிக்கிழங்குல எடுக்கிறது."

சிவசம்பு மறுபடி கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை நிலைமை மோசமாக இருந்தது. சிவசம்புவின் காது நுனி சிவந்தது.

"மரவள்ளியோ?"

"ஆமா அங்கிள். நல்ல மாவு."

"தம்பி, ஜப்பான்காரன்ர காலத்தில மூண்டரை வருசம் காலமை மரவள்ளி, மத்தியானம் மரவள்ளி, இரவைக்கு மரவள்ளி. அவன் சரணடைஞ்ச அண்டைக்கு எங்கட அம்மா முன்னால சத்தியம் பண்ணினனான், செத்தாலும் இனி இதை வாயில வையன் எண்டு. மீனுக்குப் பயந்து சஷ்டியை விட்டன் எண்டால் ஆராவது கேட்டால் சொல்லலாம். மரவள்ளிக்காகவோ நான் சஷ்டியை விட்டனான்?"

வாசு, கால் லேசாக இருக்கிறது என்று வாரா வாரம் சொன்னீர்களே என்று மெல்லக் கேட்டுப் பார்த்தான். அது பேப்பர் வாங்கப் போன நடையும் ஆறு நாளும் மதிலைச் சுற்றிய நடையுமாக இருக்கும் என்று குணபூசணி உள்ளிருந்து சொன்னார். சிவசம்புவுக்கு அந்த விளக்கம் பிடிக்கவே இல்லை. நடந்து நன்றாகிற கால் யாருக்கு வேண்டும்?

கொஞ்ச நேரம் காலை நீட்டி வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, மனைவிக்குக் கேட்காது என்ற நம்பிக்கையில், மற்ற டின்னில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று வாசுவிடம் கேட்டார். கொஞ்சம் இருக்கிறது, ஆனால் அது வேலை செய்யும் என்று என்னால் சொல்ல முடியாது, டாக்டர் சொன்ன நடையை விடாதீர்கள், ஆஸ்பத்திரி டாக்டரைக் கேட்காமல் எதையும் குடிக்காதீர்கள் என்றான் வாசு. இந்த முறை ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டுப் பேசினான்.

சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. வாசு வாசலைப் பார்த்துக்கொண்டான், ஓட வேண்டி வந்தால் செருப்பு எந்தப் பக்கம் என்று.

குணபூசணி ஈரக் கையைத் துடைத்தபடி வந்து நின்றார். புருஷனைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தார்.

"அடுத்த சஷ்டிக்கு இன்னும் கிட்டத்தட்ட ஒரு வருசம் கிடக்குது" என்றார். "செய்யிறதை எல்லாம் அதுக்கு முன்னம் செய்து முடியுங்கோ."